மணிச் சத்தத்துக்கு எழுந்து நின்றவள்

போன வாரம் மரிய ஜோசப் வீட்டை நாம் விட்டு வந்தபோது, அந்த வீட்டில் நாய்க்குக்கூடத் தூக்கம் இல்லை. விடிந்தால் ஷெரினுக்குப் பரீட்சை. இதோ, விடிந்துவிட்டது. இந்தப் பொழுது விடியாமலே இருந்திருக்கலாம் என்று மத்தியானத்துக்குள் அந்த வீட்டில் ஆளுக்கு ஆள் நினைக்கப் போகிறார்கள். அதற்குள் என்ன அவசரம், வரிசையாகவே சொல்கிறேன்.

இந்த வாரம்தான் முதல் தடவையாக நம்மோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ராயப்பன்பட்டியில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிற மரிய ஜோசப்புக்கும் செபஸ்தியம்மாளுக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சகாய பிரவீன், லோயர் கேம்ப் மின் நிலையத்தில் வேலை. இளையவள் ஷெரின். திராட்சைக் கொடியைத் தின்கிற பூஞ்சை நோயைப் பற்றி வெளிநாட்டில் போய் ஆராய்ச்சி செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவள்.

கடல் தாண்டிய ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு இடமும் கொடுத்துவிட்டது. படிப்புச் செலவும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரே ஒரு நிபந்தனை. இங்கிலீஷ் பரீட்சை ஒன்றில் அவர்கள் கேட்கிற மார்க் இந்த மாதத்துக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். மறுபடி கேட்க முடியாது.

அந்தப் பரீட்சையில் வருகிற இங்கிலீஷ், நீங்களும் நானும் பஸ்ஸிலும் பேங்கிலும் பேசுகிற இங்கிலீஷ் இல்லை. இங்கிலீஷ்காரனே அகராதியைப் புரட்டித்தான் தெரிந்துகொள்வான். கேரலஸ், அப்ஸீக்வியஸ், இன்டிரான்சிஜென்ட் என்று சொல்லிப் பார்த்தால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும்.

"பூஞ்சைக்கு மருந்தடிக்க இந்த வார்த்தையெல்லாம் எதுக்குத்தா?" என்று மரிய ஜோசப் மகளிடம் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியாது.

ஷெரின் அந்தச் சொற்களைப் படித்த விதம்தான் வேடிக்கை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஊரில் ஓர் ஆளைப் பிடித்துக் கட்டிவிடுவாள். கேரலஸ் என்றால் ஓயாமல் பேசுகிறவர். அது பால் ஊற்றுகிற ராக்கம்மாள். அப்ஸீக்வியஸ் என்றால் குழைந்து குழைந்தே காரியம் சாதிக்கிறவர். அது பக்கத்துத் தோட்டத்து விஜயபாண்டி. இன்டிரான்சிஜென்ட் என்றால் பிடித்த பிடியை விடாதவர். அது யாரென்று அவள் சொல்ல மாட்டாள், ஆனால் செபஸ்தியம்மாளுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சாயங்காலத்தில் பந்தலுக்குக் கீழே அப்பா கொடியைக் கட்டிக்கொண்டிருப்பார். மகள் சொல்லைச் சொல்வாள். அவர் ஆளைச் சொல்வார். ஒரு வருஷமாக இதே விளையாட்டு. ஊர் முழுக்க அந்த இரண்டு பேர் வாயில் இங்கிலீஷாகத் திரிந்தது ஊருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் ராக்கம்மாள் பாலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியிருப்பாள்.

பரீட்சை வீட்டிலேயே, கம்ப்யூட்டரில். மதுரையில் எழுதலாம் என்று பார்த்தால் இந்த மாதத்துக்கு இடமே இல்லை. வீட்டில் எழுதினால் எங்கேயோ ஓர் ஊரில் இருக்கிற கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையில் ஆள் இருக்கக் கூடாது. பேச்சுச் சத்தம் கூடாது. வாயைக்கூட அசைக்கக் கூடாது. பிரவீன் முந்தின நாளே அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்துப் பாடம் நடத்திவிட்டுத்தான் காலையில் டியூட்டிக்குக் கிளம்பினான்.

"அம்மா, ஒரு சத்தம் கேட்டாலும் பரீட்சைய நிறுத்திப்புடுவாக. சொல்லிட்டேன்."

"நீ போடா, நான் பாத்துக்கிறேன்" என்றாள் செபஸ்தியம்மாள்.

மரிய ஜோசப் அன்று ஊரையே அடக்கினார். விஜயபாண்டியிடம் போய், மருந்தடிக்கிற மோட்டாரை மத்தியானத்துக்கு மேல் போடும்படி கேட்டுக்கொண்டார். நாயைத் தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டினார். கோழிகளைக் கூடைக்குள் போட்டு மூடினார். ராக்கம்மாளிடம் பாலை வாசலில் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் போகச் சொன்னார். அவளும் போனாள், அன்றைக்கு அவளுக்கு அதுவே ஒருசந்தி நோன்பு.

இத்தனையும் யோசித்த மனிதருக்கு ஒன்றே ஒன்று தோன்றவில்லை. அவருக்கு மட்டும் இல்லை, யாருக்குமே தோன்றவில்லை. பத்தரைக்குத் தொடங்குகிற பரீட்சை பன்னிரண்டு மணியைத் தாண்டிப் போகும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் என்ன செய்ய.

முதல் அதிர்ச்சி பரீட்சை தொடங்குவதற்கு முன்பே வந்தது.

கண்காணிப்பாளர் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். ஷெரின் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நான்கு சுவரையும் காட்டினாள். திராட்சைக் கூடைகளைக் காட்டினாள். மேஜைக்குக் கீழே காட்டினாள். சுவரில் திரு இருதய ஆண்டவர் படம். அதன் அடியில் பாதிரியார் வந்து வீட்டை மந்திரித்தபோது எழுதிய வாசகம், பழைய தமிழ் எழுத்தில்.

"அது என்ன எழுத்து? அதை எடுத்துவிடுங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னார் அவர்.

ஷெரின் கதவைத் திறந்து படத்தை அம்மாவிடம் நீட்டினாள். செபஸ்தியம்மாள் வாங்கத் தயங்கினாள்.

"என்னத்தா இது?"

"எழுத்து இருக்கக் கூடாதாம்மா."

"ஆண்டவரையே வெளிய போகச் சொன்னானா?"

"அம்மா, நேரமாகுது."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் படம் சுவரை விட்டு இறங்கி அவள் பார்த்ததில்லை. வெள்ளையடிக்கும்போதுகூடச் சாக்கைப் போட்டு மூடுவார்களே தவிர, இறக்க மாட்டார்கள். நல்ல காரியம் தொடங்குகிற நேரத்தில் இப்படியா என்று நினைத்துக்கொண்டே வாங்கினாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் வாசற்படிக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, படத்தை மடியில் வைத்துக்கொண்டு, கையில் ஜெபமாலையை எடுத்தாள். சத்தம் வராமல் உதடு மட்டும் அசைந்தது.

உள்ளே ஷெரினுக்குப் பரீட்சை நன்றாகவே போயிற்று. சொல் வந்தால் ஆள் வந்தார், ஆள் வந்தால் பொருள் வந்தது. பழக்க தோஷத்தில் சொல்லை வாய்க்குள் முனகப் போய், ஒரு தடவை கண்காணிப்பாளர் எச்சரித்தார். அதற்குப் பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஒரு கேள்வியில் மட்டும் போட்டதை அழித்து வேறொன்றைப் போட்டாள். பரீட்சை எழுதுகிற எல்லோரும் செய்கிறதுதானே.

கடைசிப் பகுதி வந்தது. வாசித்துக்கொண்டிருந்தாள்.

கோயில் மணி அடித்தது.

மத்தியான மணி. ராயப்பன்பட்டியில் அந்த மணி காதுக்கு அடிப்பதில்லை, காலுக்கு அடிக்கிறது. தோட்டத்தில் குனிந்திருக்கிறவர்கள் நிமிர்ந்து நிற்பார்கள். கடையில் தராசு அந்தரத்தில் நிற்கும். சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவர்கள்கூட மூவேளை செபத்தை முடித்துவிட்டுத்தான் மிச்சச் சண்டையைப் போடுவார்கள். பிறந்ததிலிருந்து தினமும் கேட்கிற மணி. தினமும் கேட்பதால்தான் அது யார் காதிலும் விழவில்லை, முந்தின நாள் உட்கார்ந்து சத்தங்களைக் கணக்கெடுத்தபோதுகூட.

வெளியே செபஸ்தியம்மாள் எழுந்து நின்றாள். அவள் தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற அன்பியத்தில் செபம் சொல்லிக் கொடுக்கிறவள். ஒரு தெருவே கேட்கும்படி சொல்லிப் பழகிய தொண்டை. செபத்தின் முதல் பாதியை அவள் சொல்ல, குரல் தானாக உயர்ந்தது.

உள்ளே ஷெரின் எழுந்து நின்றாள். நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டாள். கண்ணை மூடினாள். இரண்டாம் பாதியை அவள் சொன்னாள்.

மறுபடி அம்மா சொல்ல மகள் சொன்னாள். மூன்றாவது தடவையும் அப்படியே. எந்த இடத்திலும் அவளுக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது தெரியவில்லை. கால் எழுந்தது, கை போனது, வாய் சொன்னது. செபம் முடிந்து, கண்ணைத் திறந்து, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எதிரே கம்ப்யூட்டர் இருப்பது தெரிந்தது.

அந்தக் கண்காணிப்பாளரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் இருந்து பாருங்கள். எழுதிக்கொண்டிருந்த பெண் திடீரென்று எழுகிறாள். கையால் ஏதோ சைகை காட்டுகிறாள். கதவுக்கு வெளியே ஒரு பொம்பளைக் குரல் புரியாத பாஷையில் ஒன்றைச் சொல்கிறது. இவள் பதில் சொல்கிறாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன்.

திரையில் கேள்விகள் இல்லை. வெள்ளைப் பக்கத்தில் நான்கு வரி. வெளி ஆளின் உதவியால் பரீட்சை ரத்து. ஒரு வருஷத்துக்கு மறுபடி எழுத அனுமதி கிடையாது. விவரம் பல்கலைக்கழகத்துக்கும் தெரிவிக்கப்படும்.

ஷெரின் அதை வாசித்தாள். திரும்ப வாசித்தாள். திகைத்துப்போவதற்கு இங்கிலீஷில் எத்தனையோ சொல் படித்திருந்தாள். அகாஸ்ட், டம்ஃபவுண்டட், ஸ்டூபிஃபைடு, ஃப்ளாபர்காஸ்டட். ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஓர் ஆள் இருந்தார். இப்போது ஒன்றும் வரவில்லை. தமிழும் வரவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். செபஸ்தியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சாத்தா? நல்லா எழுதுனியா?"

"நிறுத்திட்டாகம்மா."

"யாரு?"

"நீங்க செபம் சொன்னீக. நான் பதில் சொன்னேன். நீங்க விடை சொல்லிக் குடுத்ததா நெனச்சு நிறுத்திட்டாக. ஒரு வருஷத்துக்கு எழுத முடியாது."

செபஸ்தியம்மாளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கையில் இருந்த படத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாதாவே, நானா? என் வாயாலயா?"

கொல்லைப்புறத்திலிருந்து மரிய ஜோசப் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. வெளுத்த முகம் சிவக்க அதிக நேரம் ஆகவில்லை.

"ஏ செபஸ்தி, படிச்சுப் படிச்சுச் சொன்னானே ஒம் மகன். வாய மூடிக்கிட்டு இருன்னு சொன்னானா இல்லையா? ஒரு நாளைக்கு மனசுக்குள்ள சொன்னா அந்த மாதா கேக்க மாட்டாகளா?"

அவள் ஜெபமாலையை மடித்து இடுப்பில் செருகினாள்.

"நாயக் கட்டுனேன். கோழிய மூடுனேன். பொண்டாட்டி வாயக் கட்ட மறந்துட்டேன். வெண்ணெய் தெரண்டு வாரப்ப தாழிய ஒடச்சுப்புட்டியேடி."

 அவள் தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தாள். நீளமான பார்வை. அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அப்போது ஷெரினுக்குத் தெரியவில்லை.

"அப்பா, விடுங்க. நானுந்தான் எந்திரிச்சேன்" என்றாள்.

"நீ சின்னப்புள்ள."

"நான் சின்னப்புள்ள இல்லப்பா."

சொல்லிவிட்டு அவள் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். செபஸ்தியம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"ஒரு வருஷமா நீ படிச்சத நான் பாத்தேன்த்தா. சோத்தப் பிசஞ்சு வச்சுக்கிட்டு அப்படியே வார்த்தை சொல்லிக்கிட்டு இருப்ப. சாதம் காஞ்சு போகும். இன்னைக்கு நான் ஒன் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டேனே."

"அழாதீகம்மா."

"நான் அழல. எனக்கு அழுகை வரல. அதுதான் பயமா இருக்கு."

அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கூடைக்குள் கிடந்த கோழிகளைத் திறந்துவிடக்கூட யாருக்கும் நினைவில்லை.

தகவல் கேட்டு லோயர் கேம்ப்பிலிருந்து பிரவீன் பைக்கில் பறந்து வந்தான். வந்தவன் யாரையும் திட்டவில்லை. நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பரீட்சை நடத்துகிற கம்பெனிக்குப் போன் போட்டான். ஒரு மணி நேரம் போனைக் காதில் வைத்தபடியே இருந்தான். கடைசியில் எழுந்து வந்தான்.

"ஒரு வழி இருக்கு. ஆட்சேபணை சொன்னா இன்னைக்கே ஒரு மேடம் வீடியோவுல விசாரிப்பாக. அவுக நம்புனா ரத்து பண்ணுனத நீக்கிட்டு, இந்த வாரமே மறுபடி எழுதச் சொல்லுவாக. நம்பலேன்னா அவ்வளவுதான்."

"நான் பேசுறேன்" என்றாள் ஷெரின்.

"நீ மட்டும் இல்ல. வெளிய இருந்த ஆளும் கேமரா முன்னாடி வரணுமாம்."

எல்லோரும் செபஸ்தியம்மாளைப் பார்த்தார்கள். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, தலையை வாரி, பூசைக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

விசாரித்த அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணாடி போட்டிருந்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நடந்ததைச் சொல்லுங்கள் என்றார்.

ஷெரின் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். தெரியாமல் நடந்தது என்பதற்கு இன்அட்வர்ட்டன்ட் என்றாள். பழியிலிருந்து விடுவியுங்கள் என்பதற்கு எக்ஸ்கல்பேட் என்றாள். படித்த சொல்லெல்லாம் இப்போது வரிசையில் நின்றுகொண்டு நான் முந்தி நீ முந்தி என்று வந்தன. இந்தச் சொற்களைப் போட்டால் நான் காப்பியடிக்கிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியுமே என்கிற நினைப்பு. பாவம்.

அதிகாரி கையை உயர்த்தினார்.

"அகராதியை மூடி வைத்துவிட்டுச் சொல்லுங்கள். என்ன நடந்தது?"

ஷெரின் மூச்சை இழுத்து விட்டாள். மணி அடித்தது. நான் எழுந்து நின்றேன். அம்மா செபம் சொன்னார். நான் பதில் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னாள். நாலாம் வகுப்புப் பிள்ளையின் இங்கிலீஷ். அதிகாரி தலையை ஆட்டினார்.

அப்போது பக்கத்தில் யாரோ அவருக்கு டீ கொண்டுவந்தார்கள் போலிருக்கிறது. அவர் திரும்பாமலே, "சாயா அவிடெ வெச்சோ" என்றார்.

செபஸ்தியம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்பு கேரளத்து வண்டன்மேட்டில் ஏலக்காய் பறித்தவள் அவள். மலையாளம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"மேடம் ஏது நாட்டிலா?" என்று கேட்டாள், எந்த ஊர் என்று.

அதிகாரியின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. கோட்டயம் என்றார். அதற்குப் பிறகு இரண்டு பொம்பளைகளும் மலையாளத்திலேயே பேசிக்கொண்டார்கள். செபஸ்தியம்மாள் மணியைப் பற்றிச் சொன்னாள். அன்பியத்தைப் பற்றிச் சொன்னாள். ஆண்டவர் படத்தை வெளியே கொடுத்ததைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

"கரயண்டா அம்மே" என்றார் அதிகாரி. அழாதீர்கள் என்று. தன் வீட்டிலும் அந்த மணி அடிக்கும்போது அடுப்பில் இருக்கிறது கருகும் என்றார். பதிவில் இருக்கிற குரலைத் தமிழ் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி, அது செபம்தானா என்று ஏற்கெனவே கேட்டுவிட்டதாகவும், செபம்தான் என்று பதில் வந்துவிட்டதாகவும் சொன்னார்.

பிரவீன் அப்பாவின் தோளைப் பிடித்து அழுத்தினான். மரிய ஜோசப் கண்ணை மூடிக்கொண்டார். ஷெரின் சிரித்தாள், காலையிலிருந்து முதல் தடவையாக.

"இன்னும் ஒரே கேள்வி அம்மே. சத்யம் பறயணம்" என்றார் அதிகாரி. "பரீட்சை நடக்கும்போது வேற ஆரெங்கிலும் மோளோடு மிண்டியோ?"

உண்மையைச் சொல்ல வேண்டும், வேறு யாராவது மகளிடம் பேசினார்களா என்பது கேள்வி.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். கண்ணைச் சிமிட்டுகிற நேரம். செபஸ்தியம்மாள் அந்த நேரத்தைத் தாண்டியும் சும்மா இருந்தாள். முந்தானையை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"மிண்டி" என்றாள். "என்டெ கெட்டியோன்."

பேசினார், என் வீட்டுக்காரர்.

கேரள எல்லையோர ஊர், அந்த அறையில் மலையாளம் தெரியாதவர்கள் யாருமில்லை. பிரவீனின் கை அப்பாவின் தோளிலிருந்து தானாக விழுந்தது.

"ஏ செபஸ்தி" என்றார் மரிய ஜோசப். 

"தண்ணி குடிக்க அடுப்படிக்குப் போனேன்" என்று அவள் அவரைப் பார்க்காமல் தமிழில் சொன்னாள். "பின்னாடி சன்னல்கிட்ட நீங்க குனிஞ்சு நின்னு பேசுனத என் கண்ணால பாத்தேன். மத்தியானமெல்லாம் என்னைய வஞ்சீக. நான் வாயத் தொறக்கல. இப்ப சத்தியம் கேக்குறாக. கேட்டா சொல்லணும்ல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஷெரினிடம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார்.

"உங்கள் காதில் விழுந்ததா?"

விழவில்லை என்றால் முடிந்தது. சன்னல் சாத்தியிருந்தது. அப்பா மெதுவாகத்தான் பேசினார். அம்மா பார்த்தது அப்பாவைத்தான், மகளின் காதை அல்ல. ஷெரின் சொல்வதை மறுக்க உலகத்தில் ஒருவரும் கிடையாது. பிரவீன் கேமராவுக்குத் தெரியாமல் அவள் முதுகில் விரலால் குத்தினான், சொல்லித் தொலை என்று.

 ஷெரினுக்கு அந்த இடம் வேண்டும். அந்தப் படிப்பு வேண்டும். வேண்டாம் என்று நினைத்த ஒரு நாள்கூடக் கிடையாது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்தது மேடம்" என்றாள். "டேசிட்டர்ன் என்று ஒரு சொல். நான் வாய்க்குள் முனகினேன், அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. நான் முதலில் சரியாகத்தான் போட்டிருந்தேன். அப்பா வேறொன்றைச் சொன்னார். பயத்தில் என்னுடையதை அழித்துவிட்டு அவர் சொன்னதைப் போட்டேன்."

டேசிட்டர்ன் என்றால் வாயைத் திறக்காதவர். ஷெரின் அதைத் தேனி மார்க்கெட்டில் திராட்சை எடுக்கிற சண்முகராஜ் மேல் கட்டியிருந்தாள். பொங்கலுக்கு ஒரு வார்த்தை, தீபாவளிக்கு ஒரு வார்த்தை பேசுகிற மனிதர். மரிய ஜோசப்புக்கும் சண்முகராஜ் சரியாகவே நினைவுக்கு வந்தார். ஆனால் அந்த ஆளிடம் ஆண்டாண்டாகத் திராட்சை போட்டு, அவர் கிள்ளிக் கொடுக்கிற காசில் நொந்தவருக்கு அவர் பேசாதது எங்கே ஞாபகம் இருக்கும். மகளுக்கு மறந்துபோச்சோ என்று பதறி, சன்னல் இடுக்கில் வாயை வைத்து, கஞ்சன்த்தா, கஞ்சன், என்று சொல்லிவிட்டார்.

"அப்ப நான் சொன்னது தப்பாத்தா?" என்றார் இப்போது.

 அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். காலையிலிருந்து ஊரை அடக்கிய மனிதர், ஒரு சொல்லை அடக்க முடியாமல் போனவர், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"செபஸ்தி, ஒன்னைய வஞ்சேனேடி" என்றார்.



திரையில் அதிகாரி வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கீழே நகர்த்தினார், மேலே நகர்த்தினார். காதில் மாட்டுகிறதை மாட்டிக் கொஞ்ச நேரம் கேட்டார். கழற்றினார். நிமிர்ந்தபோது அவர் முகமும், மத்தியானம் திரையைப் பார்த்துத் திகைத்த ஷெரினின் முகம் மாதிரியே ஆகியிருந்தது.

"முழுப் பதிவையும் நான் உங்களைக் கூப்பிடுவதற்கு முன்பே கேட்டுவிட்டேன்" என்றார். "இப்போது அந்த இடத்தை மறுபடியும் கேட்டேன். அதில் ஆண் குரலே இல்லை. மைக்கில் விழவே இல்லை. நான் கடைசியாகக் கேட்ட கேள்வி, எல்லோரிடமும் வழக்கமாகக் கேட்கிற கேள்வி."

பிரவீன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்பார்கள், இங்கே குடும்பமே சேர்ந்து ஊதியிருந்தது.

அதிகாரி பேனாவை எடுத்தார். எழுதவில்லை. கேமராவுக்கு நேராக ஷெரினைப் பார்த்தார். அவர் கேட்டது தாழ்ந்த குரலில், மலையாளத்திலும் இல்லாமல் தமிழிலும் இல்லாமல், யாருக்கும் புரிகிற சின்னச் சின்ன இங்கிலீஷ் சொற்களில்.

"இதுவரைக்கும் இது யாருக்கும் தெரியாது. இப்போது எனக்குத் தெரியும். நீங்களே சொல்லுங்கள் ஷெரின், நான் என்ன எழுதட்டும்?"